கிடங்கிலிருந்து வரும் சத்தம்: கலைவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கலைவிழாக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் நீங்கள் நிறுத்திய கூத்தை மாணவர்களுக்குப் பழக்கியவள் நான். நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது உங்களிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. மூன்று காட்சிகளை எடுத்துவிட வேண்டும், கோமாளியின் பேச்சில் வாச்சாத்தி என்ற ஊர்ப்பெயர் வரக் கூடாது, மற்றபடி "இசை, நடனம், ஆடை அலங்காரம் ஆகியவற்றுடன்" நடத்திக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. பிள்ளைகள் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசினார்கள். காலையில் வந்து, அப்படி நடத்த முடியாது என்றார்கள். எங்களுக்குக் கொடுத்திருந்த மாலையில் அந்த மேடையில் மெல்லிசைக் கச்சேரி நடந்தது.

அப்போது நான் வாய் திறக்கவில்லை. பருவத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, பிள்ளைகளின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று பயந்தேன். பேசாமல் இருந்தது தப்பு என்று இப்போது தெரிகிறது. ஏனென்றால் அடுத்த ஆண்டு விழாவுக்கான விதிமுறைகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். அதில் ஏழாவது விதி, "சமூக, அரசியல் கருத்துகள் கொண்ட நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இல்லை" என்கிறது. எங்கள் ஒரு கூத்தோடு நிற்காமல், இனி எந்தப் பிள்ளையும் அப்படி ஒன்றை எழுதிக்கொண்டு உங்கள் வாசலுக்கே வரக் கூடாது என்று ஆகிவிட்டது. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் ஒத்திகை பார்க்க வரவில்லை. அதனால் எதை வெட்டச் சொன்னீர்கள் என்பதை முதலில் சொல்கிறேன். எங்கள் கூத்தின் மூலக்கதை ஒரு நாவல்.

ஜே. எம். கூட்ஸி தென்னாப்பிரிக்காவில் பிறந்த எழுத்தாளர், 2003-இல் நோபல் பரிசு பெற்றவர். 1980-இல் வெளிவந்த அவருடைய 'வெயிட்டிங் ஃபார் த பார்பேரியன்ஸ்' நாவலில் ஒரு பேரரசு வருகிறது. அதற்குப் பெயர் கிடையாது. அதன் எல்லைக்கோடியில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு மாஜிஸ்திரேட் பல வருடங்களாக நிம்மதியாகக் காலம் தள்ளுகிறார். கெட்ட மனிதர் இல்லை. ஒருநாள் தலைநகரிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட கர்னல் ஜோல் வருகிறார். எல்லைக்கு அப்பால் இருக்கும் நாடோடிகள் படை திரட்டுகிறார்கள், ஊரைத் தாக்கப் போகிறார்கள் என்கிறார். ஒரு கிழவரையும் ஒரு சிறுவனையும் பிடித்துவைத்து விசாரணை நடக்கிறது. விசாரணை நடக்கும் இடம் தானியக் கிடங்கு. அங்கிருந்து வந்த அலறல் தன் காதில் விழவே இல்லை என்று மாஜிஸ்திரேட் சொல்கிறார். ஊருக்கே கேட்டது அவருக்கு மட்டும் கேட்கவில்லை. கிழவர் செத்துப்போகிறார். கைதி ஆத்திரப்பட்டு அதிகாரியைத் தாக்கினார், கைகலப்பில் சுவரில் மோதி விழுந்தார் என்று அறிக்கை தயாராகிறது.

இந்தக் கதையைத்தான் அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் ஆப்பெராவாக்கினார், அதாவது பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய இசை நாடகமாக்கினார். பாடல் வரிகளை எழுதியவர் கிறிஸ்டோபர் ஹாம்ப்டன். 2005 செப்டம்பர் 10 அன்று ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரத்தில் முதலில் மேடையேறியது. அதற்கு முந்தைய ஆண்டுதான், ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளை வதைத்த படங்கள் உலகமெங்கும் வெளியாகியிருந்தன. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கிடங்கு எது என்று யாரும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை மிகவும் வருத்தியது. "ஆப்பெரா என்பது உயர்ந்த இசை வடிவம், அதில் அரசியலைப் புகுத்த வேண்டாம்" என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் எதையும் புகுத்தவில்லை. இதே கிளாஸ் 1980-இல், அதாவது கூட்ஸியின் நாவல் வந்த அதே ஆண்டில், 'சத்தியாகிரகா' என்ற ஆப்பெராவை நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் மேடையேற்றினார். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டம்தான் அதன் கதை. பாடுவதெல்லாம் சமஸ்கிருதத்தில், பகவத் கீதையிலிருந்து எடுத்த வரிகள். அந்தப் போராட்டத்தில் நம் தமிழ்க் கூலிகள் சிறைக்குப் போனார்கள், தில்லையாடி வள்ளியம்மை உயிரையே விட்டாள். அதிலிருந்து அரசியலை எடுத்துவிட்டு இசையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது கிளாஸிடம் சொல்லியிருந்தால், அவர் எதை வைத்துக்கொண்டிருப்பார்?

நாங்கள் அவருடைய இசையைத் தொடவில்லை. ஹாம்ப்டனின் வரிகளையும் எடுக்கவில்லை. ஆங்கிலத் துறையில் நாவலைப் படித்தோம், ஆப்பெராவைக் கேட்டோம், கதையை மட்டும் எடுத்துக்கொண்டு சேலத்துக் கூத்தாகக் கட்டினோம். மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம். கூத்து வாத்தியாருக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது, நாற்பது வருடமாகத் திரௌபதி வேஷம் கட்டுகிறவர். முதல்நாள் கதையைச் சொன்னபோது கண்ணை மூடிக் கேட்டார். "ராஜா வேற, காடு அதேதான் அம்மணி. இதுக்கு அடவு புதுசா எதுவும் வேணாம்" என்றார்.

நாவலின் தலைப்பில் அந்த நாடோடிகளைக் குறிக்கும் பார்பேரியன் என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது என்று இரண்டு மாலை சண்டை போட்டோம். தங்களுக்குப் புரியாத மொழி பேசியவர்களைக் கிரேக்கர்கள் அழைத்த சொல் அது. அந்தப் பேச்சு அவர்கள் காதில் 'பர் பர்' என்று விழுந்ததாம். மிலேச்சர் என்றான் ஒரு மாணவன். அது அகராதியில்தான் இருக்கிறது, யார் வாயிலும் இல்லை. நாகரிகமற்றவர் என்றால் அரசாங்க அறிக்கை மாதிரி இருந்தது. காட்டுமிராண்டி என்றால் சிரிப்பு வந்துவிடும். அப்போது வாத்தியார், "மலைக்காரன்னு போட்டா சேலத்துல எல்லாருக்கும் புரியும்" என்றார். அவர் மனதில் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னார். ஆனால் அந்த அறையில் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து வந்த நான்கு பேர் இருந்தார்கள். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு நாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி சொன்னாள்: "அதையே போடுங்கக்கா. ஆனா அதை யார் சொல்றாங்கன்னு மேடையில தெரியணும்." அப்புறம்தான் முடிவானது. நாடோடிகளுக்குக் காட்டார் என்று பெயர் வைத்தோம். மலைக்காரன் என்ற சொல் கர்னலின் வாயில் மட்டும் வரும்.

அந்த மாணவியைத்தான், முழு ஒத்திகை முடிந்ததும், உங்கள் குழுவில் ஒருவர் "நீ கேரளாவாம்மா?" என்று கேட்டார். அவருடைய நல்ல மனதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கல்லூரி வாசலில் நின்றால் சேர்வராயன் மலை தெரிகிறது. அதில் ஊர் ஊராகக் குடியிருக்கும் பழங்குடிகளின் பெயர் மலையாளி, அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை என்று ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போகிறோம். அந்த மாதமே சேர்வராயன் கோயிலில் அவர்கள் திருவிழா நடக்கிறது, தேர் இழுக்கிறார்கள். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு அவர்கள் யார் என்று நமக்குத் தெரியவில்லை என்றால், அதைத் தெரிவிக்கிற ஒரு கூத்தை நிறுத்தலாமா?

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காப்பிச் செடிதான் மலையின் தலையெழுத்தை மாற்றியது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று கோடு போட்ட பிறகு, தலைமுறையாக விறகு பொறுக்கிய இடத்தில் விறகு பொறுக்குவது குற்றமாகிவிட்டது. இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. சின்ன வயதில் தெரிந்தது வேறு.

எனக்கு எட்டு வயது இருக்கும். தோட்டத்தில் காற்றுக்கு ஒடிந்து விழுந்த சில்வர் ஓக் கிளைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அம்மா கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள், நான் பின்னாலேயே நடந்தேன். பாதையில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நிறுத்தினார். கட்டை இறக்கச் சொன்னார். கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். பிறகு சோற்றுத் தூக்கைத் திறந்து காட்டச் சொன்னார். சோற்றுத் தூக்கில் எந்த மரத்தை ஒளிக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அம்மா ஒவ்வொன்றுக்கும் "இல்லீங்க சாமி" என்று மட்டும் சொன்னாள். லைனில் வாய்ச்சண்டையில் யாரும் அவளை ஜெயித்தது கிடையாது. அப்படிப்பட்டவள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டை மறுபடி கட்டித் தலைக்கு ஏற்றியவள், வீடு வரும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கர்னல் விசாரிக்கும் காட்சியில் காட்டார் பெண் எப்படி நிற்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கப் போனபோது, மாணவி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். தலை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, பார்வை எதிரே நிற்பவரின் செருப்பில். என் அம்மா நின்ற மாதிரியே. எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். "தாத்தா இப்படித்தான்க்கா நிப்பாரு, சாவடியில" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனி நீங்கள் வெட்டச் சொன்ன மூன்று காட்சிகள்.

முதலாவது, அறிக்கை வாசிப்பது. கிழவர் சுவரில் மோதிச் செத்தார் என்ற அறிக்கையைக் கோமாளி வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, ராகம் போட்டுப் படிப்பான். காவல் துறையைக் கேலி செய்கிறது என்றீர்கள். கூட்ஸியின் அந்த நாவல் வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 1977 செப்டம்பர் 12 அன்று, ஸ்டீவ் பிக்கோ என்ற கறுப்பினத் தலைவர் தென்னாப்பிரிக்கப் போலீஸ் காவலில் செத்துப்போனார். கைகலப்பில் தலை சுவரில் மோதியது என்றுதான் போலீஸ் சொன்னது. நாவலாசிரியர் சுவரைக் கற்பனையிலிருந்து கொண்டுவரவில்லை. நம் ஊரில் அந்தச் சுவர் குளியலறைத் தரையாக இருக்கும், வழுக்கி விழுந்தார் என்று செய்தி வரும். முழு ஒத்திகையில் விடுதிச் சமையல்காரர்கள் கோமாளியின் முதல் இரண்டு வரிக்குச் சிரித்தார்கள். மூன்றாவது வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அமைதிக்காகத்தான் அந்தக் காட்சியை அப்படிக் கட்டினோம்.

இரண்டாவது, கால் கழுவும் காட்சி. பொருத்தமற்றது என்று ஒரே சொல்லில் முடித்திருந்தீர்கள். எனக்கு அதிகம் வலித்தது இதுதான், கூத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. விசாரணையில் கணுக்கால் உடைக்கப்பட்டு, பார்வையும் பெரும்பகுதி பறிபோன ஒரு காட்டார் பெண் ஊரில் பிச்சையெடுத்துக்கொண்டிருக்கிறாள். மாஜிஸ்திரேட் அவளை வீட்டுக்கு அழைத்து வந்து, ராத்திரி ராத்திரியாக அவள் காலைக் கழுவுகிறார், எண்ணெய் தடவுகிறார். உனக்கு என்ன செய்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது அவளுடைய கதை. அதைக் கேட்டால் தன் மனது ஆறும் என்று நினைக்கிறார். நாற்பது நிமிடம் நான் பேசினாலும் விளக்க முடியாததை, ஒரு பித்தளைத் தாம்பாளத்தையும் ஒரு செம்புத் தண்ணீரையும் வைத்து இரண்டு பிள்ளைகள் ஆடிக் காட்டினார்கள். மாஜிஸ்திரேட் வேஷம் போட்ட மாணவன் அயோத்தியாப்பட்டணத்துப் பையன். ஒத்திகை முடிந்து ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா, நான் நல்லவனா கெட்டவனான்னு இன்னும் தெரியலக்கா" என்றான். தெரியாமலேயே ஆடு என்றேன். கர்னலும் தானும் ஒரே பேரரசின் இரண்டு முகங்கள் என்று மாஜிஸ்திரேட் கடைசியில் உணரும் இடம் அந்தத் தாம்பாளத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதில் உங்களுக்கு எது பொருந்தவில்லை?

மூன்றாவது காட்சியில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். நாவலில் கர்னல், பிடித்துவந்த கைதிகளின் முதுகில் கரியால் 'எதிரி' என்று எழுதுகிறார். அந்த எழுத்து வேர்வையிலும் ரத்தத்திலும் அழியும்வரை அடி விழுகிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்திலிருந்து ஒரு சிறுமியை முன்னால் தள்ளி, அவள் கையிலும் பிரம்பைக் கொடுக்கிறார்கள். நாங்கள் முதலில் நிஜ மூங்கில் குச்சியை வைத்து ஒத்திகை பார்த்தோம், ஒரு பையனுக்குத் தோளில் தடித்துவிட்டது. உங்களில் ஒருவர் அதைக் கண்டித்தார். அவர் சொன்னது சரி. அன்றே குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, அடி விழும் இடத்தில் மிருதங்கத்தை மட்டும் வைத்தோம். காட்சி முன்பைவிடக் கூர்மையாக வந்தது. இப்படிச் சொல்லித் திருத்தியிருக்கலாம். காட்சியே வேண்டாம் என்று சொல்வதற்கு முன், திருத்தியதை ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம்.

கடைசியில் படை பாலைவனத்தில் சிதறிப்போகிறது, கர்னல் தப்பி ஓடுகிறார், ஊரே பயந்து காத்திருந்த காட்டார் வரவே இல்லை. அந்த இடத்தில் எங்கள் கோமாளி சபையைப் பார்த்துக் கேட்பான்: "காட்டான் வருவான் வருவான்னு காத்திருந்தீங்களே, வந்தது யாரு? 1992 ஜூன் 20-ஆம் தேதி வாச்சாத்திக்கு வந்தது யாரு?" இந்த வரியை எடுக்கச் சொன்னீர்கள். முடிந்துபோன விஷயம், அரசுத் துறைகளின் மனம் புண்படும் என்று காரணம் சொன்னீர்கள்.

வாச்சாத்தி சேலத்திலிருந்து தூரமில்லை. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலை அடிவாரம். அங்கே இருப்பவர்களும் மலையாளிப் பழங்குடிகள்தான். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் சேர்ந்து அந்த ஊருக்குள் போனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு மாடுகளை விடவில்லை, கிணற்றைக்கூட விடவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களைக் குற்றவாளிகள் என்று சொல்லி அடைத்துவைத்தது நம் சேலம் சிறையில். 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்ட அதே சிறை.

19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று, தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்றது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேருக்குத் தண்டனை. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி, ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். இது வதந்தியோ கட்சிப் பேச்சோ இல்லை, உயர் நீதிமன்றத் தீர்ப்பு. நீதிமன்றம் எழுதிவைத்ததை ஒரு கோமாளி மேடையில் கேட்கக் கூடாது என்றால், அந்தத் தீர்ப்பை யார் காதில் போடுவது? எங்கள் குழுவில் இருந்த பதினைந்து பேரில் பதினோரு பேருக்கு ஒத்திகைக்கு வரும் முன் வாச்சாத்தி என்ற பெயரே தெரியாது. எல்லாரும் சேலம் சுற்றுவட்டாரப் பிள்ளைகள்.

சமூக, அரசியல் கருத்து என்பது வெளிநாட்டு ஆப்பெராவோடு வந்த சரக்கு என்று நினைக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. பாஞ்சாலி துகிலுரிதல் அன்று ராத்திரி ஊரே விழித்திருந்து பார்க்கிறது. தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்து ஆட அவருக்கு என்ன உரிமை என்று அவள் சபையைக் கேட்கிறாள், ஒரு பெரியவரும் பதில் சொல்லவில்லை. எங்கள் வாத்தியார் நாற்பது வருடமாகக் கேட்டுவரும் கேள்வி இது. ஏழாவது விதிப்படி அதற்கும் உங்கள் மேடையில் இடமில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைப் பாடியபோது, பெரியபுராணத்தில் இல்லாத பண்ணை முதலாளியைக் கொண்டுவந்து நிறுத்தினார், பண்ணையாள் அவர் முன்னால் கெஞ்சுவதைக் கீர்த்தனையாக்கினார். அதுவும் பழைய கதையை எடுத்து இசை நாடகமாக்கியதுதான். நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் முருகன் வேஷத்தில் கதர் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டைப் பாடினார், மேடையிலிருந்தே சிறைக்குப் போனார், திரும்பி வந்து மறுபடி பாடினார். ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தினமும் கடந்து கல்லூரிக்கு வருகிறீர்கள். 1950-இல் அங்கே எடுத்த மந்திரி குமாரி படத்தின் வசனத்தை எதற்காக ஜனங்கள் மனப்பாடம் செய்தார்கள்?

சட்டத்தைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். நாடகங்களை அடக்க வெள்ளைக்காரன் 1876-இல் சட்டம் போட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு 1954-இல் இங்கே ஒன்று போட்டார்கள், எம். ஆர். ராதா போன்றவர்களின் வாயை அடைக்க. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், அந்த 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. போலீஸே நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கி வெட்ட முடியாது என்று ஆன பிறகு, அந்த வேலையை ஒரு கல்லூரிக் குழு கையில் எடுத்துக்கொள்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

நீங்கள் கர்னல்கள் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்குப் பழைய உணவுக்கூடத்தைத் திறந்துவிட்டது நீங்கள்தான். மழை நாளில் மின்விளக்கு போடச் சொன்னதும், வாத்தியாருக்குக் காப்பி கொடுத்தனுப்பியதும் உங்களில் ஒருவர்தான். உங்களை நினைக்கும்போது எனக்கு அந்த மாஜிஸ்திரேட்தான் நினைவுக்கு வருகிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன். கிடங்கிலிருந்து வரும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கைதிகள் அடிபடுவதைப் பார்த்த ஒருநாள், எல்லார் முன்னாலும் 'வேண்டாம்' என்று கத்துகிறார். அவருக்கு அது வெகு தாமதமாக வந்தது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நான் கேட்பது இவைதான்.

ஏழாவது விதியை எடுத்துவிடுங்கள். திருத்தி எழுதுவது, 'சர்ச்சைக்குரிய' என்று வேறு சொல் போடுவது எதுவும் வேண்டாம், முழுதாக எடுத்துவிட்டு அதை அதே பலகையில் ஒட்டுங்கள். மேடையில் யாருக்காவது உடம்பில் காயம் படுமா, நெருப்பு வைக்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் கடமை, அதற்கு ஒரு விதி இருக்கட்டும். என்ன பேசுகிறார்கள் என்பதற்கு வேண்டாம்.

இந்தக் கூத்தை வரும் பருவத்தில் ஒரு காட்சியும் வெட்டாமல், வாச்சாத்தி என்ற பெயரோடு நடத்த அதே அரங்கைக் கொடுங்கள். அரங்கு கிடைக்காது என்றால் விளையாட்டுத் திடலைக் கொடுங்கள். கூத்துக்குத் திடல் போதும். மலைக் கிராமங்களிலிருந்து பெற்றோர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு பேருந்து ஏற்பாடு செய்யுங்கள், ராத்திரியில் மேலே போக வண்டி கிடையாது.

நாகலூர்ப் பக்கத்து மாணவியிடமும் மற்ற மூன்று பிள்ளைகளிடமும் விளக்கக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறீர்கள். பதினைந்து பேர் சேர்ந்து எடுத்த முடிவுக்கு மலையிலிருந்து வந்த நான்கு பேரிடம் மட்டும் ஏன் வாங்கினீர்கள் என்று நான் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கடிதங்களைத் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் கோப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

இனி ஒரு நிகழ்ச்சியில் மாற்றம் வேண்டும் என்று தோன்றினால், நடிக்கும் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து, காரணத்தைச் சொல்லி, அவர்கள் பதிலையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நான்கு நாளைக்கு முன் கடிதம் அனுப்பாதீர்கள்.

அப்புறம், கூத்து வாத்தியாருக்கு நிகழ்ச்சி நடக்கவில்லை என்ற காரணத்தால் பேசிய தொகையில் பாதிதான் கொடுத்திருக்கிறீர்கள். ஆறு மாதம், வாரம் மூன்று நாள், தாரமங்கலம் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தார். ஐப்பசியில் அவருடைய ஆர்மோனியப் பெட்டி மழையில் நனைந்து இரண்டு கட்டை பேசாமல் போய்விட்டது. மீதித் தொகையை இந்த மாதக் கடைசிக்குள் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவராக வந்து உங்களிடம் கேட்க மாட்டார்.